2021 நவம்பர் 1 பள்ளித் திறப்பு: ஐந்தடி பெஞ்சில் இருவரை உட்கார வைப்பது எந்தக் கணக்கு?

கிழக்குவாசல்:

பழைய மணியோசை அவர்கள் நேற்று வேறோர் விவாத இழையில் எழுதியதை முதலில் அப்படியே தருகிறேன்: “பெஞ்சுக்கு இருவர் என்று பள்ளி முடிவெடுத்துவிட்டால் அதைக் கேள்வி கேட்கும் உரிமை பெற்றோருக்கு இல்லை. தீபாவளித் துணியெடுக்கக் கடைத்தெருவில் தோளோடு தோள் உரசி நிற்பவர்கள் வகுப்பறை வாசலுக்கு மட்டும் அளவுநாடாவை எடுத்துக்கொண்டு வருகிறார்கள்.” அந்த இழையை நெறியாளர் பூட்டிவிட்டதால் இங்கே பதில் எழுத வேண்டியதாயிற்று.

அளவுநாடாவை எடுத்துச் சென்றவன் நான்தான். என் மகள் காவிரிப் படுகையிலுள்ள ஓர் ஊரில், உதவிபெறும் பள்ளியொன்றில் நான்காம் வகுப்பில் இருக்கிறாள். 2020 மார்ச்சில் கொரோனாவால் பள்ளி மூடப்பட, இரண்டாம் வகுப்பு முடியும் தறுவாயில் வீட்டுக்கு வந்தவள், மூன்றாம் வகுப்பின் அறை எந்தப் பக்கம் இருக்கிறது என்றுகூடத் தெரியாமல் அந்த ஆண்டைக் கைப்பேசித் திரையிலேயே முடித்துவிட்டாள். எனவே பள்ளி திறக்கக் கூடாது என்று சொல்பவனாக என்னை யாரும் சித்தரிக்க வேண்டாம். பெற்றோர் கூட்டத்தில் அந்தப் பள்ளி முன்வைத்த திட்டம் இதுதான்: ஒரு பிரிவில் 44 பிள்ளைகள், அவர்களை 22, 22 என இரண்டாகப் பிரித்து, ஒரு பாதி திங்கள், புதன், வெள்ளியும் மறு பாதி செவ்வாய், வியாழன், சனியும் வர வேண்டும், பெஞ்சுக்கு இருவர் வீதம் பதினொரு பெஞ்சுகள். செப்டம்பர் 1 அன்று உயர் வகுப்புகளைத் திறந்தபோது அரசு சொன்ன எண்ணிக்கை வகுப்பறைக்கு 20. இவர்களுடைய கணக்கு தொடக்கத்திலேயே இரண்டு பிள்ளைகளை விதிக்கு வெளியே நிறுத்திவிட்டது. அதையும் பொறுத்துக்கொள்ளலாம். ஆனால் அந்தப் பெஞ்சு ஐந்தடிதான். கூட்டம் முடிந்ததும் ஆசிரியை ஒருவரின் முன்னிலையிலேயே அளந்து பார்த்தேன். ஐந்தடி பெஞ்சில் இரண்டு பேரை உட்கார வைத்துவிட்டு, இடைவெளி கடைப்பிடிக்கப்படும் என்று சுற்றறிக்கையில் அச்சடிப்பதற்குத் துணிச்சல் வேண்டும்.

பழைய மணியோசை:

தம்பி, நீங்கள் அளவுநாடா எடுத்துச் சென்றதில் எனக்கு வருத்தமில்லை. அதைப் பிடிக்கவும் தெரிந்திருக்க வேண்டும் என்பதே என் கவலை. பள்ளிப் பெஞ்சு ஆறடி. முப்பது ஆண்டுகளுக்கு மேல் உதவிபெறும் பள்ளிகளில் பணியாற்றி, அதன் பிற்பகுதியைத் தலைமையாசிரியராகக் கழித்தவன் நான். தச்சரை வரவழைத்து, மரத்தைத் தட்டிப் பார்த்து, எத்தனை பெஞ்சுகளுக்கு நான் கையெழுத்திட்டிருக்கிறேன் என்பது உங்களுக்குத் தெரியாது. ஆறடி பெஞ்சின் இரு முனைகளிலும் இரண்டு சிறுவர்கள் உட்கார்ந்தால், நடுவில் இன்னும் மூன்று பேர் தாராளமாக உட்காரலாம். அந்த மூவர் இருந்த இடத்தைக் காலியாக விடுவதுதான் இடைவெளி.

இனி விஷயத்துக்கு வருகிறேன். இந்த ஆண்டு ஜனவரி 19 அன்று பத்தாம், பன்னிரண்டாம் வகுப்புகளைத் திறந்தார்கள். பிப்ரவரி 8 அன்று ஒன்பதும் பதினொன்றும் வந்தன. மார்ச் 22 முதல் பன்னிரண்டைத் தவிர மற்றவற்றை மீண்டும் மூடினார்கள். செப்டம்பரில் மறுபடியும் திறந்தார்கள். இத்தனை திறப்புகளிலும் மூடல்களிலும் ஒன்று முதல் எட்டு வரையிலான பிள்ளைகளை ஒருவரும் நினைத்துப் பார்க்கவில்லை. பத்தொன்பது மாதங்களாக அவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். அசீம் பிரேம்ஜி பல்கலைக்கழகம் பிப்ரவரியில் வெளியிட்ட ஆய்வு, தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளில் 92 விழுக்காட்டினர் முந்தைய ஆண்டு பெற்றிருந்த மொழித் திறன்களில் ஒன்றையாவது இழந்துவிட்டார்கள் என்றும், கணக்கில் இது 82 விழுக்காடு என்றும் சொல்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் தலைமை இயக்குநர் பல்ராம் பார்கவா, திறப்பதானால் தொடக்கப் பள்ளிகளை முதலில் திறப்பதே அறிவுடைமை என்று ஜூலையில் கூறினார். சின்னக் குழந்தைகளின் உடல் இந்த நுண்ணுயிரியைப் பெரியவர்களைவிட நன்றாகவே சமாளிக்கிறது என்பது அவர் சொன்ன காரணம். நம் மாநிலத்தில் அதைத் தலைகீழாகச் செய்தார்கள். இப்போதாவது திறக்கிறார்களே என்று மகிழாமல், பெஞ்சை அளந்துகொண்டிருக்கிறீர்கள்.

கிழக்குவாசல்:

என்னைத் தம்பி என்று அழைக்க வேண்டாம் என்று சென்ற இழையிலேயே கேட்டுக்கொண்டேன். நிற்க.

ஐயா மேற்கோள் காட்டிய பார்கவா, அதே மூச்சில், ஆசிரியர்கள் முதல் பள்ளிப் பேருந்து ஓட்டுநர்கள் வரை அனைவரும் தடுப்பூசி போட்டுக்கொண்டிருப்பதை உறுதிசெய்த பிறகே திறக்க வேண்டும் என்றும் சொன்னார். முதல் பாதி மட்டும் ஐயாவின் நினைவில் தங்கிவிட்டது. அசீம் பிரேம்ஜி ஆய்வு ஐந்து மாநிலங்களில் 16,067 பிள்ளைகளிடம் நடத்தப்பட்டது. கர்நாடகம், சத்தீஸ்கர், மத்தியப் பிரதேசம், இராஜஸ்தான், உத்தராகண்ட் ஆகியவையே அந்த ஐந்து. தமிழ்நாடு அதில் இல்லை.

பெற்றோருக்குக் கேட்கும் உரிமை இல்லை என்பதற்கும் பதில் சொல்லிவிடுகிறேன். சென்ற ஆண்டு நவம்பர் 16 அன்று ஒன்பது முதல் பன்னிரண்டு வரை திறப்பதாக இதே அரசு இயந்திரம்தான் அறிவித்தது. நவம்பர் 9 அன்று பள்ளிதோறும் பெற்றோரிடம் கருத்துக் கேட்டார்கள். அந்தக் கருத்துக்குப் பிறகு திறப்பு தள்ளிவைக்கப்பட்டது. அரசாங்கமே கேட்ட கருத்தை ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவர் கேட்க மறுக்கிறார்.

பெஞ்சு ஐந்தடி.

சாளரக்காரன்:

குளிர்பதனத் துறையில் வேலை செய்பவன் என்ற முறையில் குறுக்கிடுகிறேன். பெஞ்சு ஐந்தடியாக இருந்தாலும் ஆறடியாக இருந்தாலும், நீங்கள் தூரத்தை எங்கிருந்து எங்கே அளக்கிறீர்கள்? ஒரு பிள்ளையின் மூக்கிலிருந்து அடுத்த பிள்ளையின் மூக்கு வரையா, தோளிலிருந்து தோள் வரையா, பலகையின் முனையிலிருந்து முனை வரையா? உலகச் சுகாதார நிறுவனம் ஒரு மீட்டர் என்கிறது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் ஆறடி என்று சொல்லிக்கொண்டிருந்து, மார்ச் 19 அன்று, முகக்கவசம் அணிந்த பள்ளிப் பிள்ளைகளுக்கு மூன்றடி போதும் என்று மாற்றிக்கொண்டது. இந்த எண்களில் எதை எடுத்துக்கொண்டு நீங்கள் சண்டையிடுகிறீர்கள் என்பதை முதலில் முடிவு செய்யுங்கள்.

அதைவிடப் பெரிய விஷயம் காற்று. தும்மலில் தெறிக்கும் பெரிய துளிகள் சில அடிகளுக்குள் தரையில் விழுந்துவிடும். பேசும்போதும் பாடும்போதும் வெளிவரும் நுண்துளிகள் மூடிய அறையில் நெடுநேரம் மிதந்துகொண்டிருக்கும். இருபது பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பிக்கும் மூடிய அறையில் பெஞ்சின் நீளம் உங்களைக் காப்பாற்றாது. எதிரெதிர்ச் சுவர்களில் சாளரங்கள் திறந்திருக்கின்றனவா, கதவு திறந்திருக்கிறதா, மின்விசிறி உள்காற்றையே சுழற்றுகிறதா, பாட இடைவேளையில் அறையைக் காலி செய்து காற்றாட விடுகிறார்களா என்று பெற்றோர் கூட்டத்தில் ஒருவராவது கேட்டீர்களா? மற்றபடி, வாசலில் நெற்றிக்கு நேரே நீட்டும் வெப்பமானி படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போடுவதற்கு உதவும். தொற்றிய குழந்தைகளில் பலருக்குக் காய்ச்சலே வருவதில்லை.

பழைய மணியோசை:

குளிர்பதனக்காரர் காற்றைப் பற்றிப் பேசுவதில் வியப்பில்லை. தச்சர் வந்திருந்தால் மரத்தைப் பற்றிப் பேசியிருப்பார். ஐயா, வடகிழக்குப் பருவமழை தொடங்கிவிட்டது. நவம்பர் மாதத்தில் டெல்டாவில் எதிரெதிர்ச் சாளரங்களைத் திறந்து வைத்தால் சாரலில் பிள்ளையும் நனையும், புத்தகமும் நனையும். மறுநாள் அந்தப் பிள்ளைக்குச் சளி பிடிக்கும். அதற்கும் இதே கிழக்குவாசல் பள்ளியின் மீதுதான் புகார் எழுதுவார். நாங்கள் கட்டிய வகுப்பறைகளில் காற்றுப் போக்கு எப்போதும் உண்டு. ஓட்டுக் கூரைக்கும் சுவருக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியில் குருவி கூடு கட்டும் அளவுக்குக் காற்று வரும்.

தமிழ்நாடு அந்த ஆய்வில் இல்லை என்று ஒருவர் கண்டுபிடித்திருக்கிறார். அப்படியானால் பெங்களூருக்கு அந்தப் பக்கம் பிள்ளைகள் எழுத்தை மறப்பார்களாம், ஓசூரைத் தாண்டியதும் எல்லாம் நினைவுக்கு வந்துவிடுமாம். கேட்கவே இனிமையாக இருக்கிறது. சென்ற ஆண்டு நவம்பரில் கருத்துக் கேட்டதன் பயன் என்னவென்றால், பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளைகளுக்கு மேலும் இரண்டு மாதம் பாழாயிற்று. கடைசியில் தேர்வே இல்லாமல் போயிற்று.

அப்புறம், பெஞ்சு ஆறடி. கிழக்குவாசல் அளந்தது சாய்வு மேசையாக இருக்கும். உட்காரும் பலகையை அளக்கச் சொல்லுங்கள்.

துளசிமாடம்:

எனக்கும் நான்காம் வகுப்பில் ஒரு பிள்ளை இருக்கிறான், ஒன்பது வயது. பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோருக்கான சைகோவ்-டி தடுப்பூசிக்கு ஆகஸ்டில் அவசர அனுமதி கொடுத்தார்கள் என்று படித்தேன். அவனுக்கு அதுவும் இல்லை. வீட்டில் என் மாமியார் இன்சுலின் போட்டுக்கொள்பவர். மே மாதத்தில் எங்கள் தெருவில் ஆக்சிஜன் உருளைக்காக அலைந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். பெஞ்சில் இருவர் உட்கார்வது இருக்கட்டும். பன்னிரண்டரை மணிக்கு எல்லாப் பிள்ளைகளும் முகக்கவசத்தைக் கழற்றிவிட்டு ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அரைமணி நேரத்துக்கு என்ன திட்டம் என்று யாரேனும் சொல்ல முடியுமா?

பழைய மணியோசை:

அம்மா, உங்கள் அச்சம் நியாயமானது. ஆனால் அதற்கு விடை எண்களில் இருக்கிறது. மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஜூன், ஜூலையில் நடத்திய நான்காவது எதிர்ப்புரத ஆய்வில், ஆறு முதல் ஒன்பது வயதுள்ள பிள்ளைகளில் 57.2 விழுக்காட்டினருக்கும், பத்து முதல் பதினேழு வயதுள்ளோரில் 61.6 விழுக்காட்டினருக்கும் எதிர்ப்புரதம், அதாவது தொற்று வந்துபோனதன் அடையாளம், இருந்தது. பள்ளியெல்லாம் பூட்டிக் கிடந்த காலத்தில் இத்தனை பேருக்குத் தொற்று எங்கிருந்து வந்தது? வீட்டிலிருந்தும் கடைத்தெருவிலிருந்தும் வந்தது. குழந்தை பெரியவர்களுக்குக் கொடுக்கும் என்று நினைக்கிறோம். பெரியவர்கள் குழந்தைக்குக் கொடுத்துவிட்டுப் பள்ளியைக் குறை சொல்கிறார்கள். மதிய உணவுக்கு வரிசையாக உட்கார வைப்பார்கள். என் காலத்தில் தாழ்வாரத்தில் கோடு போட்டு உட்கார வைத்திருக்கிறோம்.

துளசிமாடம்:

நாடு முழுவதற்குமான அந்த 57.2 விழுக்காட்டில் என் மகன் இருக்கிறானா, மீதி 42.8 விழுக்காட்டில் இருக்கிறானா என்பதை அந்த ஆய்வு எனக்குச் சொல்லவில்லை. தாழ்வாரத்தில் போட்ட கோடு உங்கள் காலத்துக் கோடு. நான் கேட்டது வரும் திங்கட்கிழமையைப் பற்றி.

சுண்ணக்கட்டி:

இவ்வளவு நேரம் படித்துவிட்டு எழுதுகிறேன். நான் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளி ஆசிரியை. எங்கள் பள்ளியில் ஒன்று முதல் ஐந்து வரை வகுப்புகள் உண்டு, இரண்டு ஆசிரியர்கள் உண்டு, பெஞ்சு இல்லை. பிள்ளைகள் பாயில் உட்கார்கிறார்கள். செயல்வழிக் கற்றல் வந்த காலத்திலிருந்து வட்டமாக உட்கார்ந்து அட்டைகளை ஒருவர் கையிலிருந்து ஒருவர் வாங்கிப் படித்த பிள்ளைகள் அவர்கள். பாய்க்கு எத்தனை அடி என்று எனக்கு இங்கே யாராவது தீர்ப்புச் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

சுழற்சி முறை என்று எல்லோரும் எளிதாக எழுதுகிறீர்கள். ஐந்து வகுப்புகளையும் இரண்டாகப் பிரித்தால் பத்துக் குழுக்கள், கையிலிருப்பவர்கள் இருவர். இந்த ஆண்டு தனியார் பள்ளிக் கட்டணம் கட்ட முடியாத குடும்பங்கள் பல தங்கள் பிள்ளைகளை எங்களிடம் கொண்டுவந்து சேர்த்திருக்கின்றன; எண்ணிக்கை கூடியிருக்கிறது, அறை கூடவில்லை. முதல் வகுப்பிலும் இரண்டாம் வகுப்பிலும் இருக்கும் பிள்ளைகள் பள்ளி என்ற ஒன்றையே பார்த்ததில்லை. மூன்றாம் வகுப்பில் இருப்பவர்கள் முதல் வகுப்பை முடிக்குமுன் வீட்டுக்குப் போனவர்கள். கல்வித் தொலைக்காட்சி ஓடியது என்பது உண்மை. அந்த நேரத்தில் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பது வேறு உண்மை. ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் பட்டறையில் சம்பளத்துக்குப் பழகிவிட்டான். அவனைத் திரும்ப அழைத்து வருவதற்காக வீட்டுக்கு நடந்துகொண்டிருக்கிறேன். அவனை எந்தப் பெஞ்சில் உட்கார வைப்பது என்ற கவலை எனக்கு இன்னும் வரவில்லை.

பழைய மணியோசை:

அம்மையாரின் உழைப்பை மதிக்கிறேன். ஆனால் பெஞ்சு இல்லாத பள்ளியை எடுத்துக்காட்டிப் பெஞ்சு உள்ள பள்ளியின் திட்டத்தைக் குறை சொல்வது விவாத நாகரிகம் ஆகாது. எண்ணும் எழுத்தும் உருப்படியாகச் சொல்லிக்கொடுத்த காலத்தில் அட்டையும் வட்டமும் கிடையாது. கரும்பலகையும் ஆசிரியரின் குரலும்தான் இருந்தன. அட்டைகளை வட்டத்தில் கைமாற்றும் முறையைத் தொற்றுக் காலத்தில் கைவிடுவதே நல்லது என்பது என் கருத்து.

சுண்ணக்கட்டி:

நான் யாருடைய திட்டத்தையும் குறை சொல்லவில்லை. பாயைப் பற்றிக் கேட்டேன். பதில் வரவில்லை, கற்பிக்கும் முறையைப் பற்றிய தீர்ப்பு மட்டும் கேட்காமலேயே வந்துவிட்டது.

கணக்குப்பிள்ளை:

எல்லோரும் அடியிலும் அங்குலத்திலும் நிற்கிறீர்கள். எனக்கு ஒரே ஒரு சந்தேகம். சென்ற ஆண்டு ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், தனியார் பள்ளிகள் கல்விக் கட்டணத்தில் 40 விழுக்காட்டை முதலிலும், பள்ளி திறந்த பிறகு 35 விழுக்காட்டையும் வாங்கிக்கொள்ள அனுமதித்தது. பள்ளி திறந்த பிறகு என்ற அந்தச் சொற்களை ஒவ்வொரு தாளாளரும் மனப்பாடம் செய்திருப்பார். பிள்ளைகளின் மொழித் திறனைப் பற்றித் திடீரென்று பொங்கும் கவலையில் இந்த 35 விழுக்காட்டுக்குப் பங்கே இல்லையா? வாரத்தில் மூன்று நாள், அதுவும் அரை நாள் வகுப்புக்கு முழு வேன் கட்டணம் கேட்டிருக்கிறார்கள் என் மகனின் பள்ளியில்.

பழைய மணியோசை அவர்களுக்கு இன்னொன்றையும் நினைவூட்டுகிறேன். பிப்ரவரி 25 அன்று ஒன்பது, பத்து, பதினொன்றாம் வகுப்புகளுக்கு தேர்வில்லாமலே ஆல் பாஸ் என்று அன்றைய முதலமைச்சர் பழனிசாமி சட்டப்பேரவையில் அறிவித்தபோது, கல்வியின் சாவுமணி என்று இங்கே எழுதியவர் அவர். ஜூன் 5 அன்று பிளஸ் டூ தேர்வை அடுத்து வந்த முதலமைச்சர் ஸ்டாலின் ரத்து செய்தபோது அவர் குரலே எழவில்லை. அந்த மௌனத்துக்குப் பெஞ்சு எத்தனை அடி?

பழைய மணியோசை:

இந்தக் கேள்வி எந்தத் திசையிலிருந்து வருகிறது என்பது இங்குள்ள பழையவர்களுக்குத் தெரியும். என் கட்டுரை ஒன்றில் எழுத்துப் பிழை கண்டுபிடித்து மூன்று பக்கம் விவாதம் நடத்திய அதே கணக்குப்பிள்ளைதான் இவர்.

முதலாவது, நாம் பேசிக்கொண்டிருப்பது உதவிபெறும் பள்ளி. ஆசிரியர் ஊதியத்தை அரசு தருகிறது. நீங்கள் சொல்லும் தீர்ப்பு உதவிபெறாத தனியார் பள்ளிகளைப் பற்றியது. வேறுபாடு தெரியாமல் கட்டணத்தைக் கொண்டுவந்து இங்கே கொட்டுகிறீர்கள். இரண்டாவது, ஜூன் மாதத்தில் இரண்டாம் அலை எந்த நிலையில் இருந்தது, பிப்ரவரியில் நிலைமை எப்படி இருந்தது என்பதை ஒப்பிட்டுப் பாருங்கள். பிப்ரவரியில் பள்ளி நடந்துகொண்டிருந்தது, தேர்வு நடத்தியிருக்கலாம். ஜூனில் முடியாது. இதில் மௌனம் எங்கே வந்தது? மூன்றாவது, ஜனவரியில் அரசு சொன்ன எண்ணிக்கை வகுப்பறைக்கு 25. செப்டம்பரில் அது 20 ஆனது. அறையும் அதே அறை, பெஞ்சும் அதே பெஞ்சு. இந்த எண்கள் அறிவியலின் தராசில் நிறுத்தவை அல்ல, நிர்வாக வசதிக்காக வைத்தவை என்பதற்கு வேறென்ன சான்று வேண்டும்? ஆகவே 22 பேர் என்பதில் மலையேதும் இடிந்துவிடாது. வருகை கட்டாயமில்லை என்று அரசே சொல்லிவிட்ட பிறகு அந்த 22 பேரும் ஒரே நாளில் வந்துவிடவும் போவதில்லை.

கிழக்குவாசல்:

அருமை. 20 என்பது நிர்வாக வசதிக்கான எண்ணாம், ஆகவே அதை மீறலாமாம். ஆறடி என்பது மட்டும் இவர் தச்சரிடம் சொன்ன எண் என்பதால் மாறவே கூடாதாம். வராத பிள்ளைகளை நம்பித்தான் ஒரு பள்ளியின் திட்டம் நிற்கிறது என்றால், எல்லாப் பிள்ளைகளும் வந்துவிட்டால் அது குலைந்துவிடும் என்று பொருள். பிள்ளைகளைப் பள்ளிக்கு வரவழைக்க வேண்டும் என்று ஐயா எழுதிய நீண்ட பத்தியையும், எல்லோரும் வரமாட்டார்கள் என்று இப்போது எழுதிய வரியையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்குமாறு அனைவரையும் கேட்டுக்கொள்கிறேன்.

இன்று காலை என் மகளின் புத்தகப் பையைக் கொடுக்கும் சாக்கில் மீண்டும் பள்ளிக்குப் போனேன். உட்காரும் பலகையைத்தான் அளந்தேன். ஐந்தடி. சாய்வு மேசையும் ஐந்தடி.

பழைய மணியோசை:

அப்படியானால் அது பள்ளிப் பெஞ்சே அல்ல. நன்கொடையாக யாரோ கொடுத்த பெஞ்சாக இருக்கும். அதற்கு நான் பொறுப்பேற்க முடியாது. அந்தப் பள்ளியின் தலைமையாசிரியர் இடப் பற்றாக்குறையில் செய்யக்கூடியதைச் செய்கிறார். அவருக்கு மேலே வட்டாரக் கல்வி அலுவலர், மாவட்டக் கல்வி அலுவலர், முதன்மைக் கல்வி அலுவலர் என்று வரிசையாக இருக்கிறார்கள். கீழே அளவுநாடாவோடு பெற்றோர் இருக்கிறார்கள். ஒரு தலைமையாசிரியர் திறப்புக்கு முந்தைய வாரத்தில் என்னென்ன செய்ய வேண்டும் என்பதை இங்கே எத்தனை பேர் அறிவீர்கள்? பத்தொன்பது மாதம் தேங்கிய மேல்நிலைத் தொட்டியைக் கழுவிப் பிளீச்சிங் பவுடர் போட வேண்டும். மழைக்கு ஒழுகும் கூரையைப் பார்க்க வேண்டும். புதர் மண்டிய பின்பக்கத்தை வெட்டிப் பாம்பு இல்லை என்று உறுதிசெய்ய வேண்டும். பழைய கழிப்பறையின் சுவர் நிற்குமா என்று தட்டிப் பார்க்க வேண்டும். சத்துணவுக்கூடத்தில் எலி வைத்துவிட்டுப் போனதையெல்லாம் அப்புறப்படுத்த வேண்டும். இத்தனைக்கும் பணம் எங்கிருந்து வருகிறது என்று ஒருவர் கேட்டதுண்டா? பெஞ்சை அளந்து முடித்தவர் அந்தத் தண்ணீர்த் தொட்டியில் ஏறிப் பார்த்தாரா?

சாளரக்காரன்:

இந்த இழையில் முதன்முறையாகப் பயனுள்ள ஒரு பத்தி வந்திருக்கிறது, அதையும் சண்டைக்காகவே எழுதியிருக்கிறார். தொட்டியும் சுவரும் பாம்பும் பெஞ்சின் நீளத்தைவிட உடனடியான ஆபத்துகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. ஆனால் தூரத்தை எங்கிருந்து அளப்பது என்ற என் கேள்வி அப்படியே கிடக்கிறது. ஐந்தடி பெஞ்சின் இரு முனைகளில் உட்காரும் ஒன்பது வயதுப் பிள்ளைகளின் முகங்களுக்கு நடுவில் மூன்றரை அடிக்குக் குறையாமல் வரும். அமெரிக்கர்கள் இப்போது சொல்லும் அளவை அது தாண்டுகிறது. ஆறடிதான் வேண்டும் என்றால் ஆறடி பெஞ்சிலும் அது கிடைக்காது. நீங்கள் இருவரும் சண்டையிடும் அந்த ஓர் அடியால் எதுவும் மாறப்போவதில்லை.

கிழக்குவாசல்:

ஓர் அடி என்பது சிறியதா பெரியதா என்பதல்ல என் வாதம். இருப்பது ஐந்தடி, ஆறடி என்று எழுதியவர் அதைத் திரும்பப் பெற வேண்டும்.

பழைய மணியோசை:

சாளரக்காரரே இப்போது பெஞ்சுக்கு இருவர் சரி என்று கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். இதற்கு மேல் நான் எதைத் திரும்பப் பெற வேண்டும்?

சாளரக்காரன்:

நான் அப்படிச் சொல்லவில்லை. சாளரம் திறந்திருந்தால் என்பது என் நிபந்தனை. அதை எழுதியபோது நீங்கள் சாரலைக் காட்டி மறுத்தீர்கள். மழை பெய்யும் பக்கத்துச் சாளரத்தை மட்டும் மூடிவிட்டு எதிர்ப்பக்கத்தைத் திறந்து வைக்கலாம். இதற்குக் குளிர்பதனப் படிப்புத் தேவையில்லை.

துளசிமாடம்:

நடுவில் குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும். ஒப்புதல் படிவத்தைச் சனிக்கிழமைக்குள் கொடுக்க வேண்டும் என்று எங்கள் பள்ளியில் சொல்லியிருக்கிறார்கள். திங்கள் திறந்தால் வியாழன் தீபாவளி. அந்த வாரத்தில் செவ்வாய், வியாழன், சனி என்று பிரிக்கப்பட்ட பிள்ளைகளுக்கு ஒரு நாள் போய்விடும். முதல் வாரத்தை விட்டுவிட்டுத் தீபாவளிக்குப் பிறகு அனுப்பினால் பள்ளியில் ஏதேனும் சொல்வார்களா? ஆசிரியை அம்மா இருந்தால் சொல்லுங்கள்.

சுண்ணக்கட்டி:

சொல்லமாட்டார்கள், அனுப்புங்கள். வருகை கட்டாயமில்லை. ஆனால் முடிந்தால் முதல் நாளே ஒரு மணி நேரமாவது அழைத்துவந்து காட்டிவிட்டுப் போங்கள். எல்லோரும் பழகிய பிறகு தனியாக உள்ளே நுழைவது அந்த வயதுக்குக் கடினம். முதல் சில வாரங்கள் பாடம் நடத்தப் போவதில்லை. கதை, பாட்டு, வரைதல் என்றுதான் தொடங்குவோம். மாமியார் தடுப்பூசி இரண்டு தவணையும் போட்டுக்கொண்டுவிட்டாரா என்பதைப் பாருங்கள். பெஞ்சைவிட அது முக்கியம். மாலையில் ஐந்து மணி முதல் ஏழு மணி வரை தன்னார்வலர்களை வைத்து இல்லம் தேடிக் கல்வி என்று நடத்தப் போகிறார்கள். அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் முதலமைச்சர் தொடங்கி வைத்தார். உங்கள் பகுதிக்கு அது வரும்போது சேர்த்துவிடுங்கள்.

பழைய மணியோசை:

இல்லம் தேடிக் கல்வி! பயிற்சி பெற்ற ஆசிரியர் பகலில் சொல்லித்தர முடியாததைப் பயிற்சியில்லாத தன்னார்வலர் மாலையில் சொல்லித் தருவாராம். இருபது பிள்ளைகளைத் திண்ணையில் உட்கார வைப்பார்களாம். அந்தத் திண்ணைக்கு இடைவெளி வேண்டாமா? அதை மட்டும் யாரும் அளக்கப் போகமாட்டார்கள், ஏனென்றால் அங்கே குற்றம் சொல்ல ஒரு தலைமையாசிரியர் கிடைக்கமாட்டார்.

சுண்ணக்கட்டி:

ஐயா, அங்கே வரும் தன்னார்வலர்களில் பலர் நாம் படிக்கவைத்த பெண்கள்தான். பட்டம் வாங்கிவிட்டு வேலையில்லாமல் வீட்டிலிருப்பவர்கள். ஒரு பிள்ளைக்கு “அ” எழுதக் காட்டிக்கொடுப்பதற்கு அவர்களுடைய பயிற்சி போதும்.

கணக்குப்பிள்ளை:

அவருக்குப் பழைய அட்டைகளும் பிடிக்காது, புதிய தன்னார்வலர்களும் பிடிக்காது. அவர் ஓய்வுபெற்ற நாளோடு தமிழ்நாட்டில் கல்வி முடிந்துவிட்டது. அது போகட்டும், ஜூன் 5 பற்றிய பதில் எனக்குப் போதுமானதாக இல்லை. பிப்ரவரியிலும் தொற்று இருந்தது. மார்ச் 22 அன்று வகுப்புகளை மூடவேண்டி வந்ததே அதற்குச் சான்று. அப்படியிருக்க அன்று தேர்வு நடத்தியிருக்கலாம் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?

பழைய மணியோசை:

ஆல் பாஸ் குறித்துத் தனி இழை தொடங்கியிருக்கிறேன். அங்கே காலாண்டு, அரையாண்டு மதிப்பெண்களில் 80 விழுக்காடும் வருகைப்பதிவில் 20 விழுக்காடும் எடுத்து 2020இல் பத்தாம் வகுப்பு மதிப்பெண் போட்ட கதையிலிருந்து ஆரம்பிக்கிறேன். கணக்குப்பிள்ளை அங்கே வரட்டும். கட்டணத் தீர்ப்பை எடுத்துவராமல் வந்தால் பேசலாம். பெஞ்சு விஷயத்தில் நான் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன். ஆறடி.

கிழக்குவாசல்:

அளந்த படத்தை இணைத்திருக்கிறேன். நாடாவில் அறுபது அங்குலம் தெளிவாகத் தெரிகிறது.

பழைய மணியோசை:

படத்தில் நாடாவின் தொடக்கம் தெரியவில்லை.